அன்றைக்கே மருந்தை முடித்திருந்தால்

இரைப்பையில் வாழும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி பெருங்குடல் புற்றுநோய்க்கும் காரணமாகலாம் என்ற செய்தி 2024ஆம் ஆண்டிலிருந்து அவ்வப்போது கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய்க்கும் அந்தக் கிருமிக்கும் உள்ள உறவு பழைய விஷயம். அதில் ஐயம் எதுவும் மிச்சமில்லை. பெருங்குடலைப் பற்றிய பேச்சுதான் இப்போது வேகம் பிடித்திருக்கிறது. அந்தச் செய்திகளில் பெரும்பாலும் ஒரே ஓர் எண் முன்னால் நிற்கும்: கிருமி இருந்தும் சிகிச்சை எடுக்காதவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் ஆபத்து 23 சதவீதம் அதிகம். அந்த எண்ணை என் அண்ணி தம் கைபேசியில் படித்தார். அவர் கேட்ட கேள்விக்கு மனசாட்சியோடு ஒரு பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகவே நான் இதையெல்லாம் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

அண்ணனுக்கு 54 வயதில் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரியவந்தது. வயிற்று வலியோ, கண்ணுக்குத் தெரிந்த இரத்தப்போக்கோ இருக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று மருத்துவரிடம் போனவருக்கு இரத்தச்சோகை என்றார்கள். இரும்புச்சத்து எங்கே போகிறது என்று தேடியதில், பெருங்குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பியில் கட்டி தென்பட்டது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நிணநீர்க் கணுக்கள் சிலவற்றில் நோய் இருந்ததால் கீமோதெரப்பி தொடர்ந்தது. அந்த நாட்களில்தான் அண்ணி பழைய மருத்துவக் கோப்புகளை எல்லாம் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் எண்டோஸ்கோப்பி அறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார். இரைப்பையில் அழற்சி, எச். பைலோரி பாசிட்டிவ் என்று அதில் எழுதியிருந்தது. அறிக்கையோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருந்த மாத்திரை அட்டைகளில் ஒரு பாதி பிதுக்கி எடுக்கப்பட்டிருந்தது, மறுபாதி அப்படியே இருந்தது. மருத்துவர் எழுதிக் கொடுத்தது 14 நாளுக்கான மருந்து. வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பிய மாதிரி ஒரு கசப்பு இருக்கிறது என்று சொல்லி அண்ணன் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அதற்குள் நெஞ்செரிச்சலும் அடங்கிவிட்டிருந்தது. கிருமி போய்விட்டதா என்று மறுபடி சோதிக்கவும் இல்லை.

"நானும் ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துட்டு விட்டுட்டேன். அன்னைக்கே இதை முழுசா முடிச்சிருந்தா இந்தக் கட்டி வந்திருக்காதா, தம்பி?" என்று அண்ணி கேட்டார்.

'அப்படியெல்லாம் இல்லை' என்று உடனே சொல்லிவிடுவது சுலபம். வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் 'விட்டுட்டேன்' என்ற சொல்லில் அவர் தம் மீது ஏற்றிக்கொண்டிருந்த பாரத்தை, பொத்தாம்பொதுவான ஓர் ஆறுதல் இறக்கி வைக்கவில்லை. அவர் படித்த எண் பொய்யான எண்ணும் அல்ல. அது ஒரு மதிப்புமிக்க மருத்துவ இதழில் வந்த பெரிய ஆய்விலிருந்து எடுக்கப்பட்டது. ஆகவே அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை முதலில் நான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரைப்பையில் இருந்த தெளிவு

ஒரு கிருமி ஒரு புற்றுநோய்க்குக் காரணம் என்று சொல்ல எவ்வளவு வலுவான சான்று வேண்டும் என்பதற்கு இதே எச். பைலோரியின் வரலாறே அளவுகோல். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் இதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். இரைப்பை அமிலத்தில் எந்தக் கிருமியும் நிலையாக வாழ முடியாது என்று மருத்துவ உலகம் நம்பிக்கொண்டிருந்ததால், மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, தம் இரைப்பையில் அழற்சி உண்டானதைப் பயாப்ஸி மூலம் நிரூபித்தார். 1994இல் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் வகையில் இக்கிருமியைச் சேர்த்தது. வாரனுக்கும் மார்ஷலுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. இவை பலரும் அறிந்தவை. எனக்கு முக்கியமாகப் பட்டது 2001இல் ஜப்பானிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. 1,526 நோயாளிகளைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. 36, பூஜ்யம் என்ற இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

இப்போது பெருங்குடலுக்கு வருவோம். அமெரிக்காவில் பத்துத் தொடராய்வுகளில் சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளை ஒன்றாகச் சேர்த்து ஆராய்ந்த முடிவுகள் 2019இல் வெளியாயின. பின்னாளில் பெருங்குடல் அல்லது மலக்குடல் புற்றுநோய் வந்த 4,063 பேர், அவர்களுக்கு வயது முதலியவற்றில் ஒத்த, நோய் வராத 4,063 பேர். முதல் குழுவில் 41 சதவீதத்தினரின் இரத்தத்தில் எச். பைலோரிக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள், இருந்தது. இரண்டாம் குழுவில் 40 சதவீதத்தினரிடம். கிட்டத்தட்ட ஒரே அளவுதான். ஆனால் ஆய்வாளர்கள் அங்கே நிற்கவில்லை. இந்தக் கிருமி எல்லோரிடமும் ஒரே குணத்தோடு இருப்பதில்லை. சில வகைகள் வேக்-ஏ என்ற நச்சுப் புரதத்தை வீரியமாகச் சுரக்கின்றன. அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருந்தவர்களை மட்டும் தனியே பார்த்தபோது புற்றுநோய்க்கான வாய்ப்பு 11 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் அது 45 சதவீதம் வரை போனது. ஆகவே 'தொடர்பே இல்லை' என்றும் சொல்ல முடியவில்லை, இரைப்பையில் கண்டது போன்ற தெளிவும் இல்லை. இடையில் ஒரு மங்கலான பகுதியில்தான் பெருங்குடல் பற்றிய சான்றுகள் இன்றும் நிற்கின்றன.

இரைப்பையில் குடியிருக்கும் ஒரு கிருமி அத்தனை தூரம் தள்ளி இருக்கும் பெருங்குடலை எப்படித் தொட முடியும் என்பது நியாயமான கேள்வி. எச். பைலோரி யூரியேஸ் என்ற நொதியால் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கி, தன்னைச் சுற்றிய அமிலத்தைத் தணித்துக்கொண்டு இரைப்பையின் சளிப்படலத்துக்குள் வாழப் பழகியது. பெருங்குடல் அதன் வாழிடம் அல்ல. ஆகவே தொடர்பு இருக்குமானால் அது நேரடியானதாக இல்லாமல், கிருமி இரைப்பையில் செய்யும் வேலையின் பின்விளைவாகவே இருக்க வேண்டும். நெடுங்காலமாகச் சொல்லப்படும் வழி கேஸ்ட்ரின் என்ற ஹார்மோன். கிருமியால் வரும் அழற்சி இந்த ஹார்மோனைக் கட்டுப்படுத்தும் செல்களைக் குலைக்கிறது. பிற்பாடு இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் குறையும்போதும் உடல் கூடுதலாகக் கேஸ்ட்ரினைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கிறது. கேஸ்ட்ரினும் அதன் முன்வடிவங்களும் குடல் செல்களைப் பெருகத் தூண்டுவதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்களுக்கும் கேஸ்ட்ரின் கூடுகிறது. அவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வுகளில் பெருங்குடல் புற்றுநோய் அதற்கேற்ப உயர்ந்ததாகத் தெரியவில்லை. எனவே கேஸ்ட்ரின் மட்டுமே முழு விளக்கமாக இருக்க முடியாது என்பது என் கருத்து.

இதைவிட என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது மியூனிக் நகரிலிருந்து 2023இல் வந்த எலி ஆய்வு. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலும் முதலில் கெட்டுப்போகும் மரபணு ஏ.பி.சி. என்பது. அந்த மரபணுவில் பிழையோடு பிறந்த, ஆகவே குடலில் கட்டிகள் வரக்கூடிய எலிகளின் இரைப்பையில் எச். பைலோரியை ஏற்றினார்கள். குடலில் கட்டிகள் அதிகமாயின. குடற்சுவரில் அழற்சியைக் கட்டுப்படுத்தும் டி-செல்கள் குறைந்து, அழற்சியைத் தூண்டும் செல்கள் கூடின. சளியைச் சுரக்கும் கிண்ணச் செல்கள் அருகின. சளிப்படலத்தையே தின்று வாழும் நுண்ணுயிர்கள் பெருகின. மிக முக்கியமாக, ஆன்டிபயாடிக் கொடுத்து ஆரம்பத்திலேயே கிருமியை ஒழித்த எலிகளில் கட்டிகளின் அளவு கிருமி ஏறாத எலிகளின் நிலைக்கே திரும்பியது. எலியில் நடப்பது மனிதரிலும் அப்படியே நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இரைப்பையில் இருக்கும் ஒரு கிருமி மொத்தக் குடலின் நோயெதிர்ப்புச் சூழலையே மாற்றக்கூடும் என்பதற்கு அது கண்கூடான சான்று. 'ஆரம்பத்திலேயே' என்ற நிபந்தனையை அப்போதே அடிக்கோடிட்டு வைத்தேன்; அது பின்னால் அண்ணியின் கேள்விக்கு மிகவும் தேவைப்பட்டது.

ஓர் எண்ணைத் திருப்பிப் பார்த்தபோது

அண்ணி படித்த எண்ணின் மூலம், அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவ அமைப்பின் பதிவேடுகளை வைத்து ஷைலஜா ஷா தலைமையிலான குழு செய்து 2024இல் வெளியிட்ட ஆய்வு. 1999 முதல் 2018 வரை எச். பைலோரி சோதனை செய்துகொண்ட 8,12,736 பேர். அவர்களில் 2,05,178 பேருக்குக் கிருமி இருந்தது. கிருமி இருந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வருவது 18 சதவீதமும், அதனால் இறப்பது 12 சதவீதமும் அதிகமாக இருந்தன. கிருமி இருந்தவர்களுக்குள்ளேயே சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், எடுக்காதவர்களுக்கு நோய் வருவது 23 சதவீதமும், இறப்பு 40 சதவீதமும் அதிகம். எட்டு லட்சம் பேர் என்பது சாதாரண எண்ணிக்கை அல்ல. இரண்டு பக்கத்திலும் சோதனை செய்துகொண்டவர்களையே வைத்து ஒப்பிட்டதும் இந்த ஆய்வின் பெரிய பலம். ஏதோ ஒரு தொந்தரவுக்காக மருத்துவரிடம் போனவர்களே இரு பக்கமும் இருக்கிறார்கள் அல்லவா? இதை அலட்சியமாகத் தள்ளிவிடுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனாலும் 23 சதவீதம் அதிகம் என்ற தொடரை வீட்டில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு படிப்பவர் என்னவாக எடுத்துக்கொள்வார்? நூறு பேரில் 23 பேருக்கு வரும் என்றோ, 'இது இல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்காது' என்றோதான் மனம் போகும். அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது, அதைச் செய்திகள் பெரும்பாலும் தொடுவதில்லை. 15 ஆண்டுகளில் சிகிச்சையால் கிடைத்த நேரடிக் குறைவு 0.23 முதல் 0.35 சதவீதம். அதாவது ஆயிரம் பேர் மருந்தை முடித்தால் 15 ஆண்டுகளில் இரண்டு முதல் நான்கு பேர் வரை தப்பலாம். பொதுச் சுகாதாரத்துக்கு இது சிறிய எண் அல்ல. உலக மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப் பேர் இந்தக் கிருமியைச் சுமக்கிறார்கள், பெருங்குடல் புற்றுநோயோ 2022இல் மட்டும் சுமார் 19 லட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்டு, சுமார் 9 லட்சம் உயிர்களைப் பறித்தது. ஆனால் ஒரு குடும்பம், ஒரு மனிதர் என்று வரும்போது எண்ணின் முகமே மாறிவிடுகிறது.

அன்றிரவு நான் போட்ட கணக்கைத்தான் மறக்க முடியவில்லை. அண்ணி கேட்டது 'இந்தக் கிருமி இருந்தால் நோய் வருமா' என்று அல்ல. நோய் வந்துவிட்டது, அது மருந்தை நிறுத்தியதால் வந்ததா என்பதே கேள்வி. ஆகவே எண்ணைத் திருப்பிப் போட வேண்டும். மருந்தை முடித்த குறிப்பிட்ட அளவு மக்களில் 100 பேருக்கு நோய் வருகிறது என்று வைத்துக்கொண்டால், முடிக்காத அதே அளவு மக்களில் 123 பேருக்கு வருகிறது. அந்த 123 பேரில் 100 பேருக்கு எப்படியும் வந்திருக்கும்; கூடுதலானவர்கள் 23 பேர். நூற்றுக்கு என்று மாற்றினால் ஏறத்தாழ 19. மருந்தை முடிக்காமல் புற்றுநோய் வந்த நூறு குடும்பங்கள் அண்ணி கேட்ட அதே கேள்வியைக் கேட்டால், ஏறக்குறைய 81 குடும்பங்களுக்கு 'மருந்தை முடித்திருந்தாலும் வந்திருக்கும்' என்பதே பதில். இது தோராயக் கணக்குதான். அதுவும் அந்த 23 சதவீதம் முழுவதும் கிருமியின் வேலையே, வேறெதுவும் அதில் கலக்கவில்லை என்று முழு மனதோடு ஒப்புக்கொண்டு போட்ட கணக்கு.

வேறெதுவும் கலக்காமல் இருக்குமா என்றால், அங்கேதான் எனக்குத் தயக்கம். யாருக்கு மருந்து கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடுவது என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு அல்ல இது. சிகிச்சை எடுக்காமல் விட்டவர்கள் யார்? மருத்துவமனைக்கு மீண்டும் போகாதவர்கள், மருந்தை வாங்காதவர்கள், வேறு நோய்களால் களைத்துப்போனவர்கள் அவர்களில் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்டவர்கள் குடல் பரிசோதனையையும் தள்ளிப்போட்டிருப்பார்கள், புற்றாக மாறுவதற்கு முன், பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியாக இருக்கும்போதே எடுத்துவிடும் வாய்ப்பை இழந்திருப்பார்கள். நோய் வருவது 23 சதவீதம் அதிகம் என்னும்போது இறப்பு மட்டும் 40 சதவீதம் அதிகமாக இருப்பதை நான் இப்படித்தான் படிக்கிறேன்: கிருமியின் பங்கு என்னவாக இருந்தாலும், தாமதமாகக் கண்டுபிடிப்பதும் குறைவான கவனிப்பும் அதோடு சேர்ந்திருக்கின்றன. புள்ளியியலில் இவற்றுக்கெல்லாம் சரிசெய்யும் முறைகள் இருக்கின்றன, ஆய்வாளர்கள் அவற்றைப் பயன்படுத்தியும் இருக்கிறார்கள். ஆனால் ஒருவர் தம் உடம்பைப் பற்றி எவ்வளவு அக்கறையோடு இருக்கிறார் என்பதைப் பதிவேடு முழுமையாக அளந்துவிடாது. படைவீரர்கள் என்பதால் பெரும்பாலோர் ஆண்கள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும், பலரும் இதைப் பேசுவதில்லை. இந்தக் கிருமி உள்ளவர்களுக்கு இரைப்பைப் புண் வருவது அதிகம்; புண் உள்ளவர்களை அஸ்பிரின் எடுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் எச்சரிப்பார்கள். அஸ்பிரினை நீண்டகாலம் எடுத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்பதோ பல ஆய்வுகளில் வெளிப்பட்டிருக்கிறது. ஆகக் கிருமி ஒன்றும் செய்யாமலேயே, கிருமி உள்ளவர்களின் கூட்டத்தில் அந்தப் பாதுகாப்பு குறைந்து, புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிய வழியிருக்கிறது. நெரிசலான வீட்டில், வறுமையில் வளர்ந்தவர்களுக்குத்தான் இந்தக் கிருமி குழந்தைப் பருவத்திலேயே அதிகம் தொற்றுகிறது என்பதையும், புகைப்பழக்கமும் உடல்பருமனும் பெருங்குடல் புற்றுநோய்க்குத் தனியாகவே காரணங்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொண்டால், 18, 23 போன்ற நடுத்தர எண்களில் எவ்வளவு கிருமிக்கு, எவ்வளவு மற்றவற்றுக்கு என்று பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது விளங்கும். தலைமுறைக்குத் தலைமுறை எச். பைலோரி குறைந்துவரும் பல நாடுகளில் 50 வயதுக்குக் கீழானவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய் கூடிக்கொண்டு போகிறது. அந்த உயர்வுக்கு இந்தக் கிருமி விளக்கமாக முடியாது என்பது மட்டும் உறுதி.

இரண்டு அறிக்கைகளின் தேதிகள்

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விஷயம் அண்ணனின் கோப்பிலேயே இருந்தது. எண்டோஸ்கோப்பி அறிக்கைக்கும் கொலோனோஸ்கோப்பி அறிக்கைக்கும் இடைவெளி ஆறு ஆண்டுகள். பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் திடீரென்று முளைப்பதில்லை. குடலின் உட்சுவரில் சிறு பாலிப் ஒன்று உருவாகி, ஒன்றன்பின் ஒன்றாக மரபணுப் பிழைகள் சேர்ந்து, அது புற்றாக மாற வழக்கமாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்பதே மருத்துவர்களின் பொதுவான கணிப்பு. அந்தக் கணக்கில், அண்ணனுக்கு 14 நாள் மருந்து எழுதிக் கொடுத்த அன்று, அந்தக் கட்டியின் தொடக்கம் அவர் குடலில் ஏற்கெனவே இருந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். எலிகளில் கிருமியை ஒழித்ததால் பலன் கிடைத்தது ஆரம்பத்திலேயே ஒழித்தபோது. கிருமி பெரும்பாலோருக்குக் குழந்தைப் பருவத்தில் தொற்றுவது. அண்ணனிடம் அது நாற்பது ஆண்டுகளாவது இருந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த 14 நாளில் எவ்வளவு மாறியிருக்கும்?

இதை அண்ணியிடம் உட்கார்ந்து, காகிதத்தில் 123, 100 என்று எழுதிக் காட்டிச் சொன்னேன். 'ஒரு சிறு வாய்ப்பு இருக்கிறது, அதை இல்லை என்று என்னால் சொல்ல முடியாது' என்பதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் அவர் மற்றதையும் நம்பியிருக்க மாட்டார். அவர் கொஞ்ச நேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அந்த ஆறு வருஷத்துல குடலை யாரும் பார்க்கலையே, அதுதானே பெரிசு?" என்று கேட்டார். அவர் கேட்டது சரி. 48 வயதில் மேல்வயிற்றைப் பார்த்த மருத்துவர், 50 வயது நெருங்குகிறது, பெருங்குடலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருந்தால், அல்லது மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையையாவது ஆண்டுக்கொரு முறை செய்யச் சொல்லியிருந்தால், பாலிப் பாலிப்பாகவே அகற்றப்பட்டிருக்கலாம். இந்தச் சோதனைகளால் தவிர்க்கப்படும் பாதிப்பு, எச். பைலோரியை ஒழிப்பதால் பெருங்குடலுக்குக் கிடைக்கக்கூடிய நன்மையைவிடப் பல மடங்கு பெரிது. கிருமியைப் பற்றிய பேச்சு பெருகுவதில் எனக்குள்ள ஒரே வருத்தம் இதுதான்: மாத்திரை போட்டாயிற்று, இனிக் குடலுக்கு ஆபத்தில்லை என்று யாராவது நினைத்துக் கொலோனோஸ்கோப்பியைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாது.

அதற்காகக் கிருமியை விட்டுவைக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. இந்தக் கிருமி வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவது. ஒரே வீட்டில் வளர்ந்தவன் என்பதால் நானும் சோதித்துக்கொண்டேன். மூச்சுச் சோதனைதான். முதலில் ஒரு பையில் ஊதி வாங்கிக்கொள்கிறார்கள். பிறகு யூரியா கலந்த திரவத்தைக் குடிக்கக் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார வைத்து, மறுபடி ஊதச் சொல்கிறார்கள். அந்த யூரியாவில் அடையாளமிட்ட கார்பன் இருக்கிறது. இரைப்பையில் கிருமி இருந்தால் அதன் யூரியேஸ் யூரியாவை உடைக்கும், அந்தக் கார்பன் இரத்தத்தில் கலந்து மூச்சுக்காற்றில் வெளியே வரும். எனக்கும் கிருமி இருந்தது. அண்ணன் சொன்ன அந்தக் கசப்பு எப்படிப்பட்டது என்று அப்போது தெரிந்துகொண்டேன். தண்ணீர்கூட நாணயத்தை வாயில் வைத்த மாதிரி இருந்தது. பிஸ்மத் சேர்ந்த மருந்து என்பதால் மலம் கறுத்துப்போகும், பயப்பட வேண்டாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அண்ணனுக்கும் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர் முடித்திருப்பாரோ என்று தோன்றியது. அரைகுறையாக நிறுத்துவதால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற மருந்துக்கு அடங்காத கிருமிகள் உலகின் பல பகுதிகளில் பெருகிவிட்டதால்தான் இப்போது நான்கு மருந்துகளைச் சேர்த்து 14 நாள் கொடுக்க வேண்டியிருக்கிறது. மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரம் கழித்து, அமிலம் குறைக்கும் மாத்திரையையும் இரண்டு வாரம் நிறுத்திவிட்டு, மறுபடி மூச்சுச் சோதனை செய்துகொண்டால்தான் கிருமி ஒழிந்ததா என்று தெரியும். நான் இதைச் செய்தது இரைப்பைக்காக, அங்கே சான்று தெளிவாக இருக்கிறது என்பதற்காக. பெருங்குடலுக்கும் ஏதாவது நன்மை கிடைத்தால் மகிழ்ச்சி.

பெருங்குடலுக்காகத் தனியாகக் கொலோனோஸ்கோப்பியும் செய்துகொண்டேன். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்கு 60 வயதுக்கு முன் இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், மற்றவர்கள் 40 வயதிலோ, நோய் கண்டறியப்பட்ட வயதுக்குப் பத்து ஆண்டுகள் முன்னதாகவோ, எது முந்தியோ அப்போது தொடங்கிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது நடைமுறையில் உள்ள பரிந்துரை. அண்ணனுக்கு 54 என்பதால் பத்தைக் கழித்தால் 44; அதைவிட முந்தியது 40. அண்ணனின் பிள்ளைகள் இருவரும் இன்னும் முப்பதைத் தாண்டவில்லை, ஆனால் இந்தக் கணக்கை இப்போதே அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். கட்டியின் திசுவில் பரம்பரை வகைக்கான அறிகுறி இருக்கிறதா என்ற சோதனையையும் கேட்டு வாங்கினோம். அப்படி எதுவும் இல்லை என்றது அறிக்கை.

தைவானின் சாங்ஹுவா பகுதியில் நடந்த ஒரு பெரிய ஆய்வை இந்தத் தேடலின் கடைசியில் படித்தேன். 50 முதல் 69 வயது வரையிலான மக்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினரை மலத்தில் இரத்தம் பார்க்கும் சோதனைக்கு மட்டும் அழைத்தார்கள். மறுபாதியினரை அதோடு எச். பைலோரி மலச் சோதனைக்கும் அழைத்தார்கள். பெருங்குடலுக்கான பரிசோதனை முகாம் ஒன்றே இரைப்பைக்கும் வழி திறக்கும் ஏற்பாடு. இரைப்பைப் புற்றுநோயைத் தடுப்பதே அந்த ஆய்வின் நோக்கம். சீனாவின் லின்சூ வட்டாரத்திலும் 980 கிராமங்களில் 1,80,284 பேரைச் சேர்த்து, கிருமியை ஒழிப்பதால் இரைப்பைப் புற்றுநோய் குறைகிறதா என்று ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் பார்த்து, குறைகிறது என்று 2024இல் அறிவித்தார்கள். இவை இரண்டும் ஆள் பார்த்து மருந்து கொடுத்தவை அல்ல, குலுக்கலில் பிரித்தவை. அக்கறை உள்ளவர், அக்கறை இல்லாதவர் என்ற வேறுபாடு இரு பக்கமும் சமமாகப் பரவியிருக்கும். படைவீரர்களின் பதிவேட்டில் எனக்கு வந்த தயக்கம் இங்கே பெருமளவு விலகிவிடும். இந்த மக்களை இன்னும் பத்து, பதினைந்து ஆண்டுகள் விடாமல் கவனித்து, இரைப்பைப் புற்றுநோயோடு பெருங்குடல் புற்றுநோயையும் எண்ணி வெளியிட வேண்டும். அண்ணியின் கேள்விக்கு நான் காகிதத்தில் போட்டுக் காட்டிய 19 என்ற எண் உண்மையில் 19தானா, 5ஆ, பூஜ்யமா என்பதை அந்த எண்ணிக்கையால்தான் சொல்ல முடியும்.